பிஆர் வந்ததைக் கொண்டாட ஒரு சட்டி ஆஷ் ரெஷ்தே

தங்கச்சி ஒருவர் கேட்டிருந்தார். பிஆர் (கனடாவில் நிரந்தரமாக வாழும் உரிமை) கிடைத்துவிட்டதாம், சந்தோஷம் தாங்கவில்லையாம். ஆனால் கூப்பிட்டு விருந்து வைக்க ரொறன்ரோவில் சொந்தம் என்று யாரும் இல்லை. யங் – ஃபிஞ்ச் பக்கம் சின்ன அப்பார்ட்மென்ட், மாடியில் பாதிப் பேர் ஈரானியர், கையில் காசு மட்டுமட்டு. என்ன செய்யலாம்?

முதலில் வாழ்த்துகள். (பிஆர் நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்கவேண்டும் என்ற கணக்கை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். ஊருக்குப் போய்வந்த திகதிகளை பிறகு தேடி எடுப்பது பெரிய அலுப்பு.)

அப்புறம், கேக் வாங்காதீர்கள். கேக் வாங்குகிற காசில் ஒரு பெரிய சட்டி ஆஷ் ரெஷ்தே காய்ச்சலாம். ஈரானியரின் கெட்டியான சூப் அது. கொண்டைக்கடலை, ராஜ்மா, பருப்பு, ஒரு குவியல் கீரை, கோதுமை நூடுல்ஸ். அவ்வளவுதான் உள்ளே. இறைச்சி இல்லாமலே காய்ச்சலாம் என்பதால் சைவமா, ஹலாலா என்று வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஆஷ் ஒருவருக்கு மட்டும் காய்ச்சுகிற சாப்பாடே இல்லை. நேர்த்தி நிறைவேறினால் ஒரு பெரிய சட்டியில் ஆஷ் வைத்துத் தெருவுக்கே கொடுப்பார்கள். மார்ச் 20 வாக்கில் வரும் நவ்ரூஸ் புதுவருடத்துக்கும் வைப்பார்கள், அதிலிருந்து பதின்மூன்றாம் நாள் எல்லோரும் பூங்காவுக்குப் போகும்போது சட்டியோடு கொண்டும் போவார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் ஆஷை நீட்டினால், “ஏன் தருகிறாய்?” என்று யாரும் விழிக்கமாட்டார்கள். “என்ன விசேஷம்?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் போதும், பிஆர் கதையைச் சொல்ல உங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எனக்குச் சொன்னவர் எங்கள் மாடியில் இருந்த ஒரு தெஹ்ரான் அம்மா. வீட்டிலிருந்து ஒருவர் தூர தேசத்துக்குப் போனால், போன மூன்றாம் நாள் போல வீட்டில் இருப்பவர்கள் ஆஷ் ரெஷ்தே வைத்து அயலுக்கும் உறவுக்கும் கொடுப்பார்களாம். ஆஷே பொஷ்தே பா என்று அதற்குப் பெயர். நூடுல்ஸ் இழை போனவரின் வழி. அது சிக்காமல் நீளட்டும், போனவர் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று நினைப்பு. யாருக்காகக் காய்ச்சுகிறார்களோ அவர் மட்டும் அதைச் சாப்பிடுவதில்லை, அவர்தான் விமானம் ஏறிவிட்டாரே. உங்கள் மாடியில் இருக்கிற ஈரானியரில் பலருக்குப் பின்னால் இப்படி ஒரு சட்டி அடுப்பில் ஏறியிருக்கும்.

சரி, சாமான் வாங்கும் கதைக்கு வருவோம். நீங்கள் இருக்கும் இடத்தில் இது லேசு. யங் வீதியில் ஃபிஞ்ச் தாண்டி ஸ்டீல்ஸ் வரை ஈரானியக் கடைகள்தான், தெஹ்ரான்டோ என்று பட்டப்பெயரே உண்டு. ஸ்காபரோவில் இருப்பவர்கள் 39 ஃபிஞ்ச் ஈஸ்ட் பஸ் பிடித்து ஃபிஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி வடக்கே நடக்கலாம்.

ரெஷ்தே என்ற அந்தக் கோதுமை நூடுல்ஸை வாங்கும்போது பாக்கெட்டைக் கவனியுங்கள். ஆஷுக்கான ரெஷ்தே வெளிறிய நிறத்தில் தட்டையாக நீளமாக இருக்கும். அதே ராக்கையில் ரெஷ்தே போலோ என்று வறுத்த பழுப்பு நிற நூடுல்ஸும் இருக்கும். அது சோற்றோடு சேர்ப்பது, நமக்கு வேண்டாம். காய்ந்த கீரைப் பாக்கெட் வாங்குவதாக இருந்தாலும் இதே கவனம். சப்ஸி ஆஷ் என்று கேளுங்கள். சப்ஸி கோர்மேயைத் தூக்கிவிட்டால் அதில் வெந்தயக்கீரை இருக்கும், ஆஷ் முழுக்க வெந்தய மணம் அடிக்கும். பச்சைக் கீரை கிடைக்கிற காலத்தில் காய்ந்ததை ஏன் வாங்குவான் என்பது என் கட்சி. அப்புறம் கஷ்க். கடைந்த மோரைக் காய்ச்சி வடித்து எடுக்கும் புளிப்பும் உப்புமான பால் சாமான் அது. போத்தலில், பாஸ்டரைஸ் செய்தது என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

பத்துப் பன்னிரண்டு கிண்ணத்துக்குக் கணக்கு: கொண்டைக்கடலை 1 கப், ராஜ்மா 1 கப், தோலோடு இருக்கும் முழு மைசூர்ப் பருப்பு 1 கப், ரெஷ்தே 400 கிராம் அளவு. ஸ்பினாச் அரைக் கிலோ, பார்ஸ்லி இரண்டு கட்டு, மல்லித்தழை இரண்டு கட்டு, வெங்காயத்தாளின் பச்சைப் பாகம் இரண்டு கட்டு. கீரையைப் பார்த்தால் சட்டி கொள்ளாது போலத் தெரியும், பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். பெரிய வெங்காயம் ஐந்து, உள்ளி ஒரு முழுப் பூண்டு, காய்ந்த புதினா நாலு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுதூள், கஷ்க் ஒன்றரைக் கப். எட்டு லீற்றர் சட்டி இல்லாவிட்டால் இரண்டாகப் பிரித்துக் காய்ச்சுங்கள்.

கடலையையும் ராஜ்மாவையும் முதல் நாள் இரவே தனித்தனியாக ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை மாற்றிவிடுங்கள். பிரஷர் குக்கர் ஊரிலிருந்து கொண்டுவந்திருப்பீர்கள், அதில் வேகவிட்டால் வேலை சுருக்கு. ஸ்லோ குக்கரில் போடுகிற எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: ராஜ்மாவை முதலில் சட்டியில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரைகுறைச் சூட்டில் அதிலிருக்கும் நச்சு போகாது, சாப்பிட்டவர் வாந்தி எடுப்பார். வேலைக்குப் போகிற வீட்டில் தகர டப்பா பீன்ஸும் சரிதான், ஒன்றும் குறைந்துவிடாது.

இனி வெங்காயம். இந்தச் சமையலின் ருசி முழுக்க இங்கேதான் இருக்கிறது. மெல்லியதாக வெட்டி, தாராளமாக எண்ணெய் விட்டு, நடுத்தரச் சூட்டில் அரை மணிக்கும் மேலாகப் பொரிக்க வேண்டும். பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்புக்கு வரும்போது எடுத்துவிடுங்கள், எடுத்தபிறகும் ஒரு படி கறுக்கும். பாதியை மேலே தூவ வைத்துவிட்டு மீதியில் மஞ்சளும் மிளகும் போட்டுப் பிரட்டிச் சட்டிக்குள் விடுங்கள். அப்பார்ட்மென்டில் இவ்வளவு வெங்காயம் பொரித்தால் புகை அலாரம் கத்தத்தான் செய்யும். ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பற்றரியைக் கழற்றுகிற யோசனை மட்டும் வேண்டாம், ஒன்ராறியோவில் அது குற்றம். அலாரத்துக்குப் பயந்தால் அதே ஈரானியக் கடையில் பொரித்த வெங்காயம் டப்பாவில் இருக்கிறது. பியாஸ் தாக் என்று கேளுங்கள். ருசி கொஞ்சம் மட்டம், நிம்மதி அதிகம்.

வெந்த கடலை, ராஜ்மாவோடு பருப்பைச் சேர்த்து மூன்றரை லீற்றர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுங்கள். பருப்பு அரைவேக்காடானதும் பொடியாக அரிந்த கீரை எல்லாம் உள்ளே. அரை மணிக்கு மேல் சிறுதீயில் கிடக்கட்டும். பளிச்சென்ற பச்சை போய்க் கரும்பச்சையாக வேண்டும். நிறம் கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள், அதுதான் பதம். பிறகு ரெஷ்தேயை இரண்டாக உடைத்துத் தூவி, முதல் ஐந்து நிமிடம் அகப்பையை வெளியே எடுக்காமல் அடிவரை கிளறுங்கள். விட்டால் கட்டி பிடிக்கும். இருபது நிமிடத்தில் நூடுல்ஸ் வெந்து, அதன் மாவே சூப்பைத் தடிப்பாக்கிவிடும். நம்முடைய ஒடியல் கூழின் தடிப்பு வந்தால் கணக்குச் சரி. இறுகிவிட்டதா, கொதிநீர் விட்டுத் தளர்த்துங்கள்.

இதுவரை உப்பு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ரெஷ்தேயில் உப்பு இருக்கிறது, கஷ்க்கிலும் இருக்கிறது. சிறுதீயில் வைத்து அரைக் கப் கஷ்க்கைக் கலக்கியபிறகு ருசி பார்த்து, வேண்டுமென்றால் மட்டும் போடுங்கள்.

கடைசி வேலை புதினா. காய்ந்த இலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பொடியாக்கி ஒரு கிண்ணத்தில் தயாராக வையுங்கள். சின்னத் தாச்சியில் எண்ணெயைச் சூடாக்கி, தாச்சியை அடுப்பிலிருந்து தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டுத்தான் புதினாவைக் கொட்ட வேண்டும். இங்கத்தைய மின் அடுப்பில் குமிழைத் திருப்பி அணைத்தாலும் சுருள் நிமிடக்கணக்கில் சூடாகவே கிடக்கும், புதினாவோ சில விநாடியில் கருகும். எண்ணெய் பச்சையாக நிறம் மாறி மணம் எழும்பியதும் உடனே வேறு கிண்ணத்தில் ஊற்றிவிடுங்கள். கருகினால் கசக்கும், கசந்ததைக் கொட்டத்தான் வேண்டும். உள்ளியையும் சீவிப் பொன்னிறமாகப் பொரித்து வையுங்கள்.

கிண்ணத்தில் ஆஷ், மேலே கஷ்க்கால் ஒரு கோடு, புதினா எண்ணெய், வெங்காயம், உள்ளி. இவ்வளவு பாடுபட்டபிறகு கறித்தூள் போடவா, கறிவேப்பிலை தாளிக்கவா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். உறைப்பில்லாமல் சோறே இறங்காத ஆட்கள் பச்சைமிளகாயைக் கடித்துக்கொள்ளலாம், சட்டிக்குள் போடவேண்டாம்.

கொடுக்கும் முறையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஈரானியரிடம் தாரோஃப் என்ற உபசார வழக்கம் உண்டு. முதல் தடவை நீட்டும்போது “ஐயோ, எதற்குச் சிரமம், வேண்டாம்” என்பார்கள். நம் ஊர் மாமிமாரும் இப்படித்தான், ஆகவே உங்களுக்குப் புதிதாக இருக்காது. இரண்டாம் தடவையும் சொல்லுங்கள், வாங்கிவிடுவார்கள். “தஸ்தெத் தர்த் நகோனே” என்று சொன்னால் அது நன்றி. “நூஷே ஜான்” (நன்றாகச் சாப்பிடுங்கள் என்பதுபோல) என்று பதில் சொல்லுங்கள், முகம் மலர்வதைப் பாருங்கள். நோன்பு மாதமாக இருந்தால் சூரியன் மறைவதற்குச் சற்று முன் கொண்டுபோங்கள், நோன்பு திறக்க ஆஷ் சாப்பிடுகிற வழக்கம் அங்கே உண்டு. திரும்பி வராவிட்டாலும் கவலைப்படாத டப்பாவில் கொடுங்கள். ஈரானியர் அல்லாத வீடுகளுக்கு மூடியில் “கோதுமை, பால் உண்டு” என்று ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். அன்று மாலையே கொடுத்து முடியுங்கள், கிடக்கக் கிடக்க நூடுல்ஸ் ஊதிக் களியாகிவிடும்.

கீழே வந்த கேள்விகளுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சாமான் எங்கே வாங்குவது என்று லண்டன்காரர் ஒருவர் கேட்டார். அங்கே ஈலிங் பக்கமும் ஃபின்ச்லி பக்கமும் ஈரானியக் கடைகள் உண்டு. சிட்னியில் பென்டில் ஹில் பக்கம் இருப்பவர்கள் மெரிலாண்ட்ஸ் போய்ப் பார்க்கலாம். கடையே இல்லாத ஊர் என்றால் லிங்குயினி பாஸ்தா போட்டு, ஒரு கரண்டி கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து விடுங்கள், தடிப்பு வரும். கஷ்க்குக்குப் பதில் புளித்த கெட்டித் தயிரோ சவர் கிரீமோ. அப்போது உப்புக் கொஞ்சம் கூட வேண்டிவரும்.

குழந்தைக்கு முதல் பல் வந்திருக்கிறது, அதற்கும் இதைச் செய்யலாமா என்று ஒரு அக்கா கேட்டார். ஈரானில் அதற்கென்றே ஆஷே தன்தூனி என்று ஒன்று இருக்கிறது. கோதுமையும் பயறுவகையும் போட்டுக் காய்ச்சி அயலுக்குக் கொடுப்பார்கள். நாம் பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தேங்காய்ப்பல்லை விளிம்பில் குத்திக் கொடுப்பதில்லையா, அதே சந்தோஷம்தான். என்னைக் கேட்டால் நீங்கள் கொழுக்கட்டையை அவித்து ஈரானிய வீட்டுக்குக் கொண்டுபோங்கள். எதற்கு என்று சொன்னதும் அவர்களுக்கு விளங்கிவிடும்.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா? கீரை வெந்த கட்டத்தோடு நிறுத்தி, ஆறவைத்து ஃப்ரீசரில் போடலாம். ரெஷ்தேயைக் கொடுக்கிற அன்று மட்டும் போடுங்கள்.

திறந்த கஷ்க் போத்தல் பிரிட்ஜில் நெடுநாள் நிற்காது. மிஞ்சினால் கத்தரிக்காயை எண்ணெயில் நன்றாக வதக்கி மசித்து, பொரித்த வெங்காயமும் உள்ளியும் புதினாவும் சேர்த்து, மேலே கஷ்க்கை விட்டுப் பாணோடு சாப்பிடுங்கள். கஷ்கே பாதெம்ஜான் என்பார்கள். கத்தரிக்காய் பிடிக்காத தமிழரை நான் இன்னும் காணவில்லை.