'விளம்பரவாழ்வி' சரிவருமா?

வணக்கம்.

விளம்பர வருமானத்தில் ஓடும் இலவச இணையச் சேவைக்குத் தமிழ்ச் சொல்லாக 'விளம்பர ஆதரவுச் சேவை' என்று நேற்று ஒரு பரிந்துரை வந்தது. அந்த 'ஆதரவு' எனக்கு உறுத்துகிறது. விளம்பரம் தருகிறவர் யாரையும் ஆதரிக்க வரவில்லை, ஆள் பிடிக்க வருகிறார். 'உபயச் சேவை' இன்னும் அழகு. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் நிற்குமே, ஆரம்பகால விளம்பரப் பட்டைகளும் அப்படித்தான் இருந்தன. ஆனால் விளக்கைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்று உபயதாரர் கணக்குக் கேட்பதில்லை. இணையத்தில் கேட்கிறார்கள். பிழைப்பதும் சாவதும் அந்தக் கணக்கில்தான்.

அமெரிக்காவில் நெட்ஸீரோ என்ற நிறுவனம் 1998இல் இலவச டயல்-அப் (தொலைபேசி வழி) இணைய இணைப்பு கொடுத்தது. திரையில் ஒரு விளம்பரப் பெட்டி எப்போதும் உட்கார்ந்திருக்கும், அதைப் பொறுத்துக்கொள்வதுதான் கட்டணம். ஆள் கூடக்கூட இணைப்புச் செலவும் கூடியது, பெட்டியில் வந்த காசு அதற்குக் கட்டவில்லை, போதாக்குறைக்கு விளம்பரம் கொடுத்த டாட்காம் (இணைய) கடைகளே ஒவ்வொன்றாகப் படுத்துவிட, 2001இல் இலவசத்தை மாதம் 40 மணி நேரமாகச் சுருக்கினார்கள். அதே 2001இல்தான் கூகுள் லாபம் பார்த்தது, அதுவும் விளம்பரத்தில்! ஒருவர் விமான டிக்கெட் வேண்டும் என்று தானே வந்து தட்டச்சு செய்யும்போது டிக்கெட் விற்பவரின் விளம்பர வரி பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) யாரும் அப்படி எதையும் தேடி வருவதில்லை. 2006இல் தொடங்கியது, முதன்முதலாக ஒரு காலாண்டில் லாபம் பார்த்தது 2017 கடைசியில்.

அதனால் சொல் லாபத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். முதலில் ஊனுண்ணி, தாவர உண்ணி வரிசையில் 'விளம்பர உண்ணி' என்றுதான் எழுதினேன், வீட்டில் படித்துக் காட்டியபோது நாய் மேல் இருக்குமே அந்த உண்ணியா என்றார்கள் (பொருத்தம் இல்லாமலும் இல்லை). அப்புறம்தான் 'விளம்பரவாழ்வி'. 'இலவசம்' சேர்க்க வேண்டாம், காசு எங்கிருந்து வருகிறது என்று சொன்னதுமே அது புரிந்துவிடுகிறது.

சந்தாவில் ஓடுவதைச் 'சந்தாவாழ்வி' எனலாம். யூடியூப் மாதிரி இரண்டிலும் கால் வைத்திருப்பதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. 'இருவாழ்வி' என்று வைக்க ஆசை, ஆனால் அதைத் தவளை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.