சங்கப் பணத்தில் ரீல்ஸ் எடுக்கலாமா? கும்பகோணம் கடைத்தெருக்காரர்கள் சொல்லுங்கள்

#1 டபராசெட்

நேற்று ராத்திரி வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் பாதியில் நின்ற பேச்சை இங்கே தொடர்கிறேன். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்க நிதியிலிருந்து மாதம் 10,000 ரூபாய் ஒதுக்கி, ஆறு மாதத்துக்கு வாரம் இரண்டு குறுவீடியோ போடலாம் என்று நான் கேட்டேன். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூன்றிலும் அதே வீடியோ. சங்கத்தின் பெயரில் ஒரே கணக்கு. பெரியவர்கள் சிலர் "இது சங்கத்து வேலை இல்லை" என்றார்கள். அதற்குள் மணி பத்தாகிவிட்டது, எல்லோரும் எழுந்துவிட்டோம்.

நான் ஏன் கேட்கிறேன் என்றால், நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிற வேன்கள் நம் ஊரில்தான் ராத்தங்குகின்றன. காலையில் டிகிரி காபி குடித்துவிட்டுத் திருநாகேஸ்வரமோ சூரியனார்கோயிலோ கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு தெரு தள்ளிப் பாத்திரக்கடைகள் வரிசையாக இருப்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. 2028-ல் மகாமகம் வருகிறது. அதற்கு முன்னால் நம் கடைத்தெருவை வெளியூர்க்காரர்கள் மனதில் பதிய வைக்க வேண்டாமா?

போன மாதம் எங்கள் கடை வாசலில் ஈயம் பூசுகிறவர் உட்கார்ந்திருந்தார். பித்தளைக் குண்டானைக் கரியடுப்பில் சுட வைத்து, உள்ளே நவச்சாரத்தைத் தூவியதும் வெள்ளைப் புகை குபுக்கென்று எழும்பியது. ஈயத்தை ஒரு தொடு தொட்டு, துணியால் ஒரு சுற்றுச் சுற்றினார். மஞ்சளாக இருந்த உட்புறம் கண் முன்னே வெள்ளியாக மாறியது. செல்போனில் 40 வினாடி எடுத்தேன். பாட்டு எதுவும் சேர்க்கவில்லை, அடுப்புச் சத்தம் மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டுத் திருச்சியிலிருந்து ஒரு அம்மா, அவர் பாட்டி காலத்துக் குண்டான் மூன்றைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார். பரணில் கிடந்த பாத்திரம், இனிமேல் சமைக்கப் போகிறேன் என்றார்.

இதைச் சங்கமாகச் சேர்ந்து செய்தால் என்ன?

#2 நாற்பதுவருடக்கடை

தம்பி, உன் வீடியோவை என் பேத்தி காட்டினாள். நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்த அம்மா யார் கடைக்கு வந்தார்? உன் கடைக்கு. நான் மளிகைக் கடைக்காரன். துவரம்பருப்பை அளந்து போடுவதை வீடியோ எடுத்தால் திருச்சியிலிருந்து யார் பஸ் ஏறுவார்கள்? சந்தா மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதானே.

60,000 ரூபாய் சின்னப் பணம் இல்லை. கடைத்தெருவுக்கு வருகிற பெண்களுக்கு ஒரு சுத்தமான கழிப்பறை கிடையாது. கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வருகிற குடும்பம் மூன்று மணி நேரம் தெருவில் நிற்கிறது. "எங்கே போவது?" என்று என் கடையில் வந்து கேட்காத நாளே இல்லை. நான் வீட்டுக்குள் அனுப்பி வைக்கிறேன். எத்தனை கடைக்காரரால் அது முடியும்? முதலில் மாநகராட்சியிடம் இடம் கேட்டு, பராமரிப்புச் செலவைச் சங்கம் ஏற்கட்டும்.

மகாமகத்துக்கு வீடியோ போட்டா கூட்டம் வர வேண்டும்? 2016-ல் தெருவுக்குள் வண்டி விடாமல், சரக்கு இறக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றைக்குக் கூட்டம் இருந்தது, வியாபாரம் இல்லை.

#3 துணிக்கடைமருமகள்

இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு வீடியோக்காரருக்கு 20,000 ரூபாய் கொடுத்துக் கடைக்குக் கூப்பிட்டோம். வந்தார், அரை மணி நேரம் சத்தமாகப் பேசினார், போனார். நாங்கள் பாலிகாட்டன் புடவைக்குச் சொன்ன விலையைப் பட்டுக்குச் சொன்ன மாதிரி வெட்டி ஒட்டிவிட்டார். "ஆயிரம் ரூபாய்க்குப் பட்டு!" என்று பெரிய எழுத்தில் வேறு. பார்வை லட்சக்கணக்கில் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பமே கார் வைத்துக்கொண்டு வந்து நின்றது. அந்தப் பெரியம்மா ஒன்றும் திட்டவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டோமேம்மா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீடியோவை நீக்கச் சொன்னால் வீடியோக்காரர் கேட்பதாகவும் இல்லை, கடைசியில் சண்டை போட்டுத்தான் நீக்க வைத்தோம்.

அதற்காக வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது நானே எடுக்கிறேன். திருபுவனம் பட்டுக்கு விசிறி மடிப்பு என்று ஒன்று உண்டு. புடவையை நீளவாக்கில் கொசுவிக் கொசுவி மடித்துக் கட்டுவது. அதை மெதுவாகப் பிரித்துக் காட்டுவேன். அப்புறம் புடவையைத் திருப்பிப் போட்டு ஜரிகையின் பின்பக்கம், அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் சீட்டு, விலை எல்லாம் காட்டுவேன். முகம்கூடக் காட்டுவதில்லை, கை மட்டும்தான். போன வாரம் போட்டதற்கு 900 பார்வை. அதில் மூன்று பேர் புடவை வாங்கினார்கள். லட்சம் பார்வையில் கிடைக்காதது இதில் கிடைத்தது.

சங்கம் செய்வதாக இருந்தால் வெளியாளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. அது மட்டும்தான் என் நிபந்தனை.

#4 நாச்சியார்கோவிலான்

நான் சங்க உறுப்பினர் இல்லை. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிற பட்டறைக்காரன். ஆனால் உங்கள் தெருவில் விற்கிற விளக்கில் கொஞ்சம் என் கையில் வந்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

டபராசெட் தம்பி கேட்கிற மாதிரி வீடியோவுக்கு முதலில் எங்கள் பட்டறைக்குத்தான் வருவீர்கள். உருக்கிய உலோகத்தை ஊற்றுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். காவிரி வண்டல் மண்ணில் அச்சுப் பிடித்து, பீடம், தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகிச் சேர்க்கிறோம். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு உங்கள் தெருவில் என்ன விளக்கைக் கொடுப்பீர்கள்? பாதிக் கடையில் இருப்பது உத்தரப் பிரதேசத்து முராதாபாத்திலிருந்து லாரியில் வந்த சரக்கு. அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை, அங்கேயும் தொழிலாளி இருக்கிறான். ஆனால் அது நாச்சியார்கோவில் விளக்கு இல்லை. எங்கள் விளக்குக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்கிற சட்டப்படியான அடையாளம், இருக்கிறது. என் கையைக் காட்டி வேறொருவன் சரக்கை விற்றால், எனக்கும் அநியாயம், வாங்குகிறவருக்கும் அநியாயம்.

வீடியோ எடுத்துக்கொண்டு போனவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். "அண்ணா, ஒரு நிமிஷம் அப்படியே ஊத்துங்க" என்பார்கள். உருக்கின உலோகம் யாருக்காகவும் நிற்காது. அச்சு வீணானால் அன்றைய கூலி போச்சு.

#5 கணக்குப்பிள்ளை

உணர்ச்சியை விட்டுவிட்டு இரண்டு மூன்று நடைமுறை விஷயம்.

பணம்: பதிவு செய்த சங்கத்தின் நிதியை எதற்கு வேண்டுமானாலும் எடுக்க முடியாது. நம் துணைவிதியின் நோக்கங்களில் விளம்பரம் வருகிறதா என்று பாருங்கள். பொதுக்குழுத் தீர்மானம் போடாமல் ஒரு ரூபாய் எடுத்தாலும் தணிக்கையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டம்: காசோ சரக்கோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. #3-ல் சகோதரி சொன்ன "ஆயிரம் ரூபாய்ப் பட்டு" இந்த வகையில்தான் வரும். பட்டறைக்காரர் சொன்ன விளக்கு விஷயமும் லேசானது இல்லை. புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் போட்டு விற்பது 1999 சட்டப்படி குற்றம்.

பாட்டு: சினிமாப் பாட்டைக் கடை வீடியோவில் போடாதீர்கள். ஆப்பில் பாட்டு கிடைக்கிறது என்பதால் வியாபாரத்துக்கும் அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை. சத்தம் போய்விடும், சில சமயம் வீடியோவே போய்விடும்.

கடைசியாக, டிக்டாக்கை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் தடை வந்தபோது, அதை நம்பி வியாபாரம் வளர்த்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அசல் வீடியோக்களையும் வருகிறவர்களின் போன் நம்பரையும் சங்கம் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கின் பாஸ்வேர்டு ஒரு ஆள் செல்போனில் மட்டும் இருக்கக் கூடாது. தலைவர் மாறினால் கணக்கும் மாறிப்போன கதை நமக்குப் புதிது இல்லை.

#6 டபராசெட்

நாச்சியார்கோவில் அண்ணனுக்கு முதலில் பதில் சொல்கிறேன். எங்கள் கடையிலும் முராதாபாத் சரக்கு இருக்கிறது, மறைக்க மாட்டேன். 600 ரூபாய்க்குள் விளக்கு வேண்டும் என்று வருகிற வீட்டுக்கு நான் வேறு எதைக் கொடுப்பேன்? ஆனால் கேட்காமலே "இது எந்த ஊர்" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். அதையே வீடியோவாகப் போடுவோம். இரண்டு விளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தராசில் நிறுத்தி, கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டி, "இது வண்டல் மண்ணில் வார்த்தது, இது வெளியூர் மெஷின் சரக்கு, இன்ன விலை" என்று சொல்வோம். வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும்.

மளிகைப் பெரியப்பாவுக்கு: உங்கள் கடை கும்பகோணம் வெற்றிலை விற்கிற கடை. 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடு வந்தது. கொழுந்து வெற்றிலையை நீங்கள் ஈரத்துணியில் சுற்றி, விரலாலேயே எண்ணிக் கவுளி கவுளியாக, அதாவது கட்டுக் கட்டாக, அடுக்குவதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். வெளியூரில் யாருக்கு அது தெரியும்? துவரம்பருப்பு வேண்டாம், அந்தக் கையைக் காட்டுங்கள்.

#7 நாற்பதுவருடக்கடை

கை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீ இப்போது சொன்னதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, கவனித்தாயா? வெளியூர்ச் சரக்கு மட்டுமே விற்கிற உறுப்பினர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்? அவர்களும் சந்தா கட்டுகிறார்கள். அவர்கள் பணத்திலேயே, "இது மெஷின் சரக்கு" என்று சங்கம் வீடியோ போட்டால் நாளைக்குச் சங்கம் இரண்டாக உடையும். 1990-களில் ஒரு சின்னத் தள்ளுபடி நோட்டீஸில் யார் பெயர் மேலே என்று சண்டை வந்து, மூன்று வருடம் இரண்டு சங்கமாக நடந்தது. அதைச் சேர்த்து வைக்க அலைந்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் பயப்படுகிறேன்.

அப்புறம், தெருவைக் காட்டினால் வருகிற ஆள் எங்கே போவான்? முனையில் ஏசி போட்ட பெரிய ஷோரூமுக்குத்தான் போவான். உள்ளே பத்துக்குப் பத்தில் உட்கார்ந்திருக்கிறவன் பணமும் சேர்ந்துதான் அந்த வீடியோவில் இருக்கிறது.

#8 மாம்பலத்துக்கும்பகோணம்

நான் வாடிக்கையாளர். பிறந்தது அங்கே, முப்பது வருடமாகச் சென்னை. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தை மாதம் பெண் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தோம். காரை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு சுற்று. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எனக்கு ஒரே சங்கடம். நிறுத்திவிட்டு நடந்து வந்தால், நாங்கள் தேடி வந்த கடை மத்தியானம் சாத்தியிருந்தது. கூகுள் மேப்பில் திறந்திருப்பதாகக் காட்டியது. எங்களுக்கு அழகான வீடியோ எல்லாம் வேண்டாம். "காரை இங்கே நிறுத்துங்கள், இந்தச் சந்து வழியாக நடந்தால் ஐந்து நிமிடம், பழைய பித்தளையை மாற்ற எந்தக் கடை, ஈயம் பூச எந்தக் கடை, மதியம் இத்தனை மணிக்குச் சாத்துவோம்" என்று ஒருவர் நடந்துகொண்டே காட்டினால் போதும். அந்த வீடியோவில் எந்தக் கடைக்கும் தனிச் சலுகை இல்லையே. என் தங்கைகள் மூன்று பேருக்கும் நானே அனுப்புவேன்.

பெண்களுக்குக் கழிப்பறை விஷயத்தில் பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு. என் மனைவி அன்றைக்குப் பட்டது கொஞ்சமில்லை.

#9 துணிக்கடைமருமகள்

#8 சொன்னதுதான் சங்கம் எடுக்க வேண்டிய வீடியோ. ஒரு கடை தன் பாட்டுக்கு எடுக்க முடியாதது அது. புடவையை நான் காட்டிக்கொள்கிறேன், அதற்குச் சங்கப் பணம் எதற்கு? வழி, வண்டி நிறுத்துகிற இடம், நேரம், எந்தப் பொருள் எந்தத் தெருவில் என்பது பொதுச் சொத்து. நடக்கிற வழியில் பத்துக்குப் பத்துக் கடைகளும் தானாக வரும். எந்தத் தெருவில் ஆரம்பிப்பது என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், முனைக்கடையிலிருந்தே ஒவ்வொரு தடவையும் தொடங்காமல் இருக்க.

மாதம் 10,000-ம் தேவையில்லை. என் வீட்டில் கல்லூரி முடித்த பெண் இருக்கிறாள். பெட்ரோலுக்கும் மைக்குக்கும் கொடுத்தால் போதும்.

#10 டபராசெட்

ஒப்புக்கொள்கிறேன். சங்கக் கணக்கில் வழிகாட்டும் வீடியோ மட்டும். இரண்டு விளக்கு வீடியோவை என் கடைக் கணக்கில் என் பொறுப்பில் போடுகிறேன், சங்கத்தின் பெயர் வராது. மாதம் 2,500 போதும். மிச்சம் 7,500-ஐக் கழிப்பறைப் பராமரிப்புக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நானே தீர்மானம் கொண்டுவருகிறேன்.

#11 நாற்பதுவருடக்கடை

கழிப்பறையை முதல் தீர்மானமாக வை, வீடியோவை இரண்டாவதாக வை. அப்படியென்றால் இரண்டுக்கும் கை தூக்குகிறேன். முதலாவது தோற்றால் இரண்டாவதை எதிர்ப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

வெற்றிலையைப் பற்றிச் சொன்னாய். மழை ஓய்ந்து கொழுந்து வரத்து வரட்டும். காலை ஐந்தரைக்குக் கட்டு வந்து இறங்கும். அப்போது வா.

#12 கணக்குப்பிள்ளை

இரண்டு தீர்மானத்தையும் எழுத்தில் கொடுங்கள். பொதுக்குழுவுக்கான அறிவிப்பு நாளைக்கே போட்டுவிடலாம்.

#13 நாச்சியார்கோவிலான்

தம்பி, உன் கடைக் கணக்கு என்றால் பட்டறைக்கு வரலாம். வெள்ளிக்கிழமை வார்ப்பு. விடிவதற்குள் உலை பற்ற வைத்துவிடுவோம். ஊற்றும்போது நிற்கச் சொல்லாதே, நான் நிற்க மாட்டேன். ஓரமாக நின்று எடு. எடுத்ததை வெளியே போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு தடவை காட்டிவிடு.

அந்த முராதாபாத் விளக்கையும் தராசையும் மறக்காமல் கொண்டு வா.