ரிங்ஸ் ஆஃப் பவர்: மூவாயிரம் ஆண்டுக் கதையை இப்படிச் சுருக்கலாமா?

செம்பூர் கார்த்திகா

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' உலகத்தை வைத்து அமேசான் எடுத்த 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரின் இரண்டு சீசனும் பார்த்து முடித்தேன். முதல் சீசன் மகனுக்காகத் தமிழ் டப்பிங்கில், அடுத்தது ஆங்கிலத்தில். நடிகர்களின் நிறம், நாயகி கலாட்ரியல் வாளெடுப்பது என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதிலெல்லாம் குறையே இல்லை. என் ஆதங்கம் காலத்தைப் பற்றி.

தொடரின் கதை நடக்கும் காலம், டோல்கீன் எழுதிய இரண்டாம் யுகம், மொத்தம் 3441 ஆண்டுகள். வில்லன் சௌரான் தன் மந்திர மோதிரத்தை வார்ப்பது அந்த யுகத்தின் 1600-ஐ ஒட்டி. அவனிடமிருந்து அதைப் பறிக்கும் மனிதன் இசில்துர் பிறப்பதோ 3209-ல். தொடரில் இவர்கள் எல்லோரும் ஒரே காலத்து ஆட்கள்.

கதையின் உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நூமெனோர் என்ற தீவு ராஜ்யத்து மனிதர்களுக்கு ஆயுள் நீளம், ஆனாலும் சாவு உண்டு. எல்ஃப்கள் என்ற இன்னொரு இனத்தாருக்கு மூப்பே கிடையாது. எல்ரோஸும் எல்ராண்டும் இரண்டு இன ரத்தமும் கலந்த இரட்டைப் பிள்ளைகள். எல்ரோஸ் மனிதனாக வாழத் தீர்மானித்து, நூமெனோரின் முதல் அரசனாகி, ஐந்நூறு வயதில் போய்ச்சேர்ந்தான். அவன் பேரன், கொள்ளுப்பேரன், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எல்லோரும் மண்ணுக்குள் போகிறார்கள், எல்ஃபாக வாழும் எல்ராண்ட் மட்டும் அதே முகத்தோடு இருக்கிறான்! ஆரம்பத்து அரசர்கள் வயதானதும் தாங்களாகவே உயிரை விட்டார்கள். பதின்மூன்றாம் அரசன் டார்-அடனாமிர் விட மறுத்து, புத்தி பேதலிக்கும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். 'நமக்கு மட்டும் ஏன் சாவு?' என்ற பொருமல் இப்படித் தலைமுறை தலைமுறையாக ஊறித்தான் அந்தத் தீவு அழிகிறது. இதைத் தொடரில் வருவதுபோல ஒரே ராணியின் காலத்துக்குள் எப்படிக் காட்ட முடியும்? உங்களுக்கு இது உறுத்தவில்லையா?

வாஷி வாசகன்

உறுத்தியது. ஆனால் அவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். 2017-ல் தொடர் உரிமைக்காக அமேசான் சுமார் 25 கோடி டாலர் கொடுத்தும், பழைய யுகங்களின் கதையை விரிவாகச் சொல்லும் டோல்கீனின் 'சில்மரில்லியன்' நூலின் உரிமை கிடைக்கவில்லை. அப்புறம், ஒவ்வொரு சீசனிலும் மனிதப் பாத்திரங்கள் செத்துக்கொண்டே இருந்தால் பார்ப்பவர்கள் யாரோடு ஒட்டுவார்கள்?

செம்பூர் கார்த்திகா

உரிமைப் பிரச்சினை இதற்குப் பொருந்தாது. ஆண்டு வாரியான பட்டியல் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது, அது அவர்கள் கையில் உள்ள புத்தகம். ஒட்டுவதைப் பற்றிக் கேட்டால், இந்தத் தொடர் தொடங்கிய அதே 2022-ல் வந்த 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடர், முதல் சீசனின் நடுவிலேயே பத்து வருஷம் தாண்டியது, இரண்டு நாயகிகளுக்கும் வேறு நடிகைகள் வந்தார்கள். ஜனங்கள் பார்க்காமலா போனார்கள்? இங்கேயோ மாறவே வேண்டாத எல்ஃப்கள் இருக்கிறார்கள். எல்ராண்டை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கும் மனிதர்களை மட்டும் மாற்றியிருந்தால் போதும், சொல்ல வந்த விஷயம் வசனமே இல்லாமல் புரிந்திருக்கும்.

முலுண்ட் மீனா

நான் புத்தகம் படித்ததில்லை. குள்ளர் இனத்து இளவரசன் டூரினும் அவன் மனைவி டீசாவும் வரும் காட்சிகளுக்காகவே பார்த்தேன். டீசா மலையை நோக்கிப் பாடுவாளே, அப்பப்பா! இரண்டாம் சீசனில் மோதிரங்கள் செய்யும் எல்ஃப் கொல்லன் கெலெப்ரிம்போரைச் சௌரான் பேசிப் பேசியே கவிழ்க்கும் இடமும் பிரமாதம். ஆண்டுக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மாட்டுங்கா பெரியவர்

கார்த்திகாம்மா, ஒரு காட்சியை நீங்கள் விட்டுவிட்டீர்கள். முதல் சீசனில் நூமெனோர் சதுக்கத்தில் ஒருவன் கத்துவான்: எல்ஃப்கள் வந்து நம் தொழிலைப் பிடுங்குவார்கள், அவர்கள் தூங்குவதில்லை, களைப்பதில்லை என்று. எனக்கு உடம்பு ஆடிப்போய்விட்டது. 1960-களின் கடைசியில் இந்த பம்பாயில் நம் தமிழர்களைப் பார்த்து இதே பேச்சைப் பேசினார்கள். டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படித்து வேலைக்கு வந்ததுதான் நாங்கள் செய்த குற்றம். பொறாமை வளர ஆயிரம் வருஷம் தேவையில்லை, ஒரு மேடை போதும். அந்த இடத்தில் தொடர் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

செம்பூர் கார்த்திகா

சார், எங்கள் அப்பாவும் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சிக்கு இப்படி ஒரு கனம் இருப்பதை உங்கள் வழியாகத்தான் பார்க்கிறேன், நன்றி. ஆனாலும் வேலைக்கான கோபம் நிலைமை மாறினால் தணியக்கூடியது. இந்த ஊரிலேயே தணிந்ததே. சாவின் மேல் வரும் கோபத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அதனால்தான் நூமெனோர்க்காரர்கள் கடைசியில் கடவுளர் நாட்டின் மீதே படையெடுத்துப் போகிறார்கள். பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் இரண்டே வரியில் சொல்லியும் நமக்குப் பதறுகிறது, அந்த வரிக்குப் பின்னால் பாண்டியர்களின் நீண்ட பரம்பரை நிற்பதால். தொடரில் தீவு இன்னும் மூழ்கவில்லை. மூழ்கும் நாளில் என் மகனுக்கு நல்ல கிராபிக்ஸ் மட்டும்தான் தெரியுமோ என்பதே என் கவலை.

மீனா, உங்களுக்குக் கெலெப்ரிம்போர் பிடித்திருந்தால் அந்தப் பின்னிணைப்பைத் தாராளமாகப் படிக்கலாம். கதையை முழுசாகப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாம் யுகத்துப் பட்டியல் சில பக்கம்தான், ஃபோர்ட் நடைபாதைக் கடைகளில் பழைய பிரதி கிடைக்கும்.