புதுப்பிப்பு: பேரழிவுக் கதையின் வில்லனுக்கு உயிர் வந்துவிட்டது

உலகம் அழிந்தபின் நடக்கும் என் கதையில், கடவுள் பெயரைச் சொல்லித் தண்ணீரைப் பதுக்கும் பூசாரி உயிரே இல்லாமல் நிற்கிறான், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் சோகமான ஒரு பழைய கதையை அவனுக்கு எழுதிப் பார்த்தேன், எடுபடவில்லை, பரிதாபம்தான் வந்தது. கைகொடுத்தது "அவனும் நிஜமாகவே நம்பட்டும்" என்ற யோசனைதான். இப்போது யாரும் பார்க்காத இரவிலும் தன் பங்குத் தண்ணீரில் பாதியைப் பீடத்தில் ஊற்றிவிட்டு, வெடித்த உதட்டோடு படுக்கிறான். அதை எழுதிய அப்புறம் எனக்கே அவனைக் கண்டு பயம் வந்தது.

எதிர்பாராதது, நாயகி ஆட்டம் கண்டுவிட்டாள். அவளுடைய பக்தி வெறும் வசனமாகத் தெரிந்தது. அதனால் பிரார்த்தனைகளை எல்லாம் வெட்டிவிட்டு, கிடங்கின் பூட்டை உடைத்ததும் முதல் குவளையை அந்தப் பூசாரியிடமே அவள் நீட்டுவதாக மாற்றினேன்.