மாடிக்கு லேன் கேபிள் இழுக்கணுமா, மெஷ் மட்டும் போதுமா?

மாடிவீட்டான்:
மதுரையில் கீழும் மேலுமாகச் சொந்த வீடு. 300 எம்பிபிஎஸ் இணைப்பு, மோடம் கீழே ஹாலில். வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ், இரண்டு பெட்டி வாங்கி ஒன்றை மாடியில் வைத்தேன். போனில் சிக்னல் ஃபுல்லாகக் காட்டுகிறது, வேகம் 60ஐத் தாண்டவில்லை. இரண்டுக்கும் நடுவே கேபிள் போடச் சொல்கிறான் தம்பி. அவசியமா?

கேபிள்பித்தன்:
போடுங்கள். நீங்கள் பார்க்கும் சிக்னல் போனுக்கும் மாடிப் பெட்டிக்கும் உள்ளது. அந்தப் பெட்டி கீழே இருப்பதோடு கான்கிரீட் தளத்தைத் தாண்டிப் பேச வேண்டும். டூயல்பேண்ட் (இரண்டு அலைவரிசைப் பெட்டி) என்றால் கீழிருந்து வாங்குவதும் போனுக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். அங்கேயே பாதி போச்சு. கேட் 6 ரக லேன் கேபிளில் 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் போகும்.

வாடகைக்குயில்:
எடுத்ததும் சுவரைக் கொத்தச் சொல்லாதீர்கள். மாடிப் பெட்டியைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்துப் பாருங்கள், தளம் குறுக்கே வராது. அப்புறம், 4கே படத்துக்கே 25 எம்பிபிஎஸ் தாராளம். 60ல் என்ன குறை?

கேபிள்பித்தன்:
ஆபீஸ் மீட்டிங்கில் வாய் முதலில் அசைந்து குரல் பின்னால் வருமே, அந்தக் குறை. ட்ரைபேண்ட் (மூன்று அலைவரிசைப் பெட்டி) வாங்கினாலும் மூன்றாவது பேண்டும் அதே தளத்தைத்தான் தாண்டணும்.

வாடகைக்குயில்:
சொந்த வீட்டுக்காரர் பேச்சு. எங்கள் ஹவுஸ் ஓனர் காலண்டருக்கு ஆணி அடிக்கவே விடமாட்டார்.

மாடிவீட்டான்:
படித் திருப்பத்தில் 140 வந்தது, குயிலுக்கு நன்றி. ஆனால் அங்கே பிளக் பாயின்ட் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் படியில் கிடக்கிறது, அம்மா ஏறும்போதும் திட்டு, இறங்கும்போதும் திட்டு. கடைசியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வெளிச்சுவரில் தனி பைப் அடித்து கேட் 6 இழுத்து, பெட்டியை மாடி அறைக்கே கொண்டுபோனேன். இப்போது 94. அதற்கு மேல் அசையவில்லை.

வாடகைக்குயில்:
ஓசியில் 140, காசு கொடுத்து 94!

கேபிள்பித்தன்:
94 என்றாலே இணைப்பு 100ல் நிற்கிறது. கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, கேபிளுக்குள் இருக்கும் எட்டு இழையும் பிளக்கின் பின்களைத் தொட வேண்டும். ஒன்று விட்டாலும் பல பெட்டிகள் 100க்கு இறங்கிவிடும். முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழையைச் சுரண்டியும் பாருங்கள், செம்பு பூசிய அலுமினியத்தை கேட் 6 என்று விற்கிறார்கள்.

மாடிவீட்டான்:
செம்புதான். மாடி முனையில் பிரவுன் இழை பின்னைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்கிறது. வெட்டி மறுபடி பிளக்கை அழுத்திப் பொருத்தினேன் (கிரிம்ப்). 290.

வாடகைக்குயில்:
சரி, படியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்தீர்களா?