கட்டாய முனைவா, கடப்பாட்டு முனைவா?

அன்பின் நண்பர்களுக்கு,

திருகோணமலைச் சிறு பங்குதாரர்களுக்காக நாம் எழுதும் கைநூலில் கையேற்பு (takeover) அத்தியாயம் மட்டும், சொற்கள் முடிவாகாததால், இன்னும் நிற்கிறது. ஒரு கம்பனியின் கட்டுப்பாட்டைப் பிடிப்பதற்காக, அதன் பங்குகளை இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் எல்லாப் பங்குதாரருக்கும் சொல்கிறார். அதற்குப் பெயர் என்ன?

‘சுவீகரிப்பு’ வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது, அரசு காணியைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் காணி சுவீகரிப்பு. ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் அதை வாசித்தால், சரி, இனி நம் கையில் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. ‘கையேற்பு’ போதும். விலை கூறி முன்வருவதற்கு ‘முனைவு’. ஒப்பந்தச் சட்டத் தமிழில் முனைவும் ஏற்பும் ஏற்கெனவே சோடியாகத்தான் வருகின்றன. ஆகவே ‘கையேற்பு முனைவு’. இதில் யாருக்கும் பெரிய மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

சிக்கல் அடுத்ததில்தான். இலங்கையின் 1995ஆம் ஆண்டுக் கையேற்பு, இணைப்பு விதிக்கோவையின்படி, ஒருவரின் கைக்கு 30 வீத வாக்குரிமை வந்துவிட்டால் மீதிப் பங்குதாரர் எல்லோருக்கும் அவர் முனைவு வைத்தே ஆகவேண்டும். முந்திய 12 மாதத்தில் தான் கொடுத்த அதிகூடிய விலைக்குக் குறையவும் முடியாது. ஆங்கிலத்தில் mandatory offer எனப்படும் இதற்குக் ‘கட்டாய முனைவு’ என்று குழுவில் பலர் எழுதுகிறீர்கள். கட்டாயம் யாருக்கு? வாங்குபவருக்கு. விற்பவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை. பங்கை விற்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் ‘கட்டாய முனைவு’ என்ற தலைப்பில் கடிதம் வந்தால், கட்டாயம் விற்கவேண்டும் என்றுதான் வாசிப்பவருக்குப் படும். அவரைக் காப்பாற்ற வந்த விதியே அவரைப் பயமுறுத்திவிடும். அதனால் ‘கடப்பாட்டு முனைவு’ என்று வைப்போம். சொல் பாரமாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட எவருக்கும் கடப்பாடு என்றால் தெரியும். அது யார் தலையில் விழுகிறது என்பதும் தெரியும்.

‘கட்டாயம்’ என்ற சொல்லை உண்மையான கட்டாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிரித்தானியாவின் 2006 கம்பனிச் சட்டத்தில், முனைவுக்குட்பட்ட பங்குகளில் 90 வீதம் கிடைத்துவிட்டால் மிச்சப் பேரின் பங்குகளை அவர்கள் விரும்பாவிட்டாலும் வாங்கிவிட முடியும். அதுதான் ‘கட்டாயக் கொள்வனவு’.

கம்பனியைக் கையேற்க, வாக்கெடுப்பு மூலமான மூன்றாவது வழியும் இருக்கிறது. அதை விளக்க ஒரு சுரங்கக் கம்பனியைக் கைநூலில் உதாரணமாகப் போடவேண்டும். சுரங்கம் என்றால் இங்கே எல்லோரும் புல்மோட்டை இல்மனைட் கனிம மணலைத்தான் சொல்வார்கள். ஆனால் அது முழுக்க அரசின் கம்பனி, பங்குதாரர் கதைக்குப் பொருந்தாது. இங்கிலாந்தின் வட யோர்க்‌ஷயரில் விட்பி ஊருக்குப் பக்கத்தில் பொலிஹலைட் உரக்கனிமச் சுரங்கம் தோண்டிய சிரியஸ் மினரல்ஸ்தான் சரியான உதாரணம். உள்ளூர்ச் சனங்கள் பெருமளவில் அதில் பணம் போட்டிருந்தார்கள். 2019 செப்டெம்பரில் கடன்பத்திரம் விற்று 50 கோடி டொலர் திரட்டும் அதன் முயற்சி கைகூடாமல் போனது. 2020 ஜனவரியில் அங்லோ அமெரிக்கன் என்ற பெரிய சுரங்கக் கம்பனி பங்குக்கு 5.5 பென்ஸ் தருவதாக முன்வந்தது. இருபது, முப்பது பென்ஸ் கொடுத்து வாங்கியவர்கள் பலர். மறுத்தால் கம்பனியே முறிந்து ஒரு சதமும் கிடைக்காமல் போகலாம் என்று பணிப்பாளர் சபை எச்சரித்தது. நட்டத்தை ஒப்புக்கொள்வதா, எல்லாம் போனாலும் பரவாயில்லை என்று நிற்பதா? அந்த மனிதர்களின் நிலையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

அங்கே பங்குதாரர் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஏற்பதோ மறுப்பதோ நடக்கவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. அளிக்கப்பட்ட வாக்குகளில் பங்குப் பெறுமதிப்படி 75 வீதமும், வாக்களித்தோர் தொகையில் பாதிக்கு மேலும் ஆதரவு வேண்டும். பிறகு நீதிமன்ற அனுமதி. 2020 மார்ச்சில் அது நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவரின் பங்கும் அதே 5.5 பென்சுக்குப் போனது.

ஆங்கிலத்தில் scheme of arrangement எனப்படும் இதற்கு ‘இணக்கத் திட்டம்’ என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். எதிர்த்தவர் எங்கே இணங்கினார்? ‘வாக்குக்கட்டுத் திட்டம்’ என்பது என் முன்மொழிவு: வாக்கினால் எல்லோரையும் கட்டுவது. இன்னும் இயல்பான சொல் யாரிடமாவது இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன். ஒரே நிபந்தனை, மறுத்தவரும் கட்டுப்படுகிறார் என்பது அந்தச் சொல்லில் தெரியவேண்டும். மறுக்க நினைப்பவர் கடிதத்தைச் சும்மா மேசையில் போட்டுவைத்தால் போதாது, வாக்குச்சீட்டை நிரப்பி அனுப்பவேண்டும் என்பதை அந்தப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போடுவோம்.

கடப்பாட்டு முனைவுக்கு மறுப்பு இருப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.