எடைத்தராசு சீரியல் போர்ட்: சி நிரலில் ரீட் திரும்ப மாட்டேங்குது

தராசுமுள்:
அவசரம். தராசுல இருந்து வர்ற எடையை சி நிரல்ல படிக்கணும். ஓபன் சரியா நடக்குது, ரீட் போட்டதும் அப்படியே நிக்குது. வேகம் 9600 தான் வச்சிருக்கேன்.

கம்பிவடம்:
லினக்ஸா, விண்டோஸா? கன்வெர்ட்டரா, நேரடி போர்ட்டா?

செம்புக்கம்பி:
2, 3 பின் மாறியிருக்கும். தராசோட டிஎக்ஸ் (அனுப்புற பின்) நம்ம ஆர்எக்ஸுக்கு (வாங்குற பின்) வரணும். 5 கிரவுண்ட். கேபிளைப் பாருங்க.

தராசுமுள்:
உபுண்டு, யுஎஸ்பி கன்வெர்ட்டர். மினிகாம்ல (போர்ட்டுல வர்றதைக் காட்டுற நிரல்) எடை ஓடிக்கிட்டே இருக்கு.

கம்பிவடம்:
அப்ப கேபிள், வேகம், போர்ட்டைத் திறக்க வேண்டிய டயலவுட் குழு அனுமதி மூணும் சரி. டெர்மியோஸ்ல (லினக்ஸ்ல போர்ட் அமைப்புகளை வைக்கிற இடம்) எதை மாத்தினீங்க? செய்தி எந்த பைட்ல முடியுது?

பழையபோர்ட்:
இவ்வளவு எதுக்கு? ஐஓபெர்ம்ல அனுமதி வாங்கிட்டு, முதல் சீரியல் போர்ட்டோட முகவரி 3எஃப்8ல நேரா இன்பி போட்டு பைட்டைப் படிங்க. வேகத்துக்கு டிவைசர் 12 எழுதினா 9600.

மேன்பக்கம்:
யுஎஸ்பி கன்வெர்ட்டருக்கு 3எஃப்8 முகவரியே கிடையாது. தராசுமுள், டெர்மியோஸ் மேன் பக்கத்தை (கையேட்டை) படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பழையபோர்ட்:
தாய்ப்பலகையிலேயே போர்ட் உள்ள பிசில இது இன்னைக்கும் ஓடும்.

மேன்பக்கம்:
லினக்ஸின் 8250 சீரியல் டிரைவரும் அதே போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால், வந்த பைட்டை அது முதலில் எடுத்துக்கொள்ளும். உங்களுக்குப் பாதிதான் மிஞ்சும்.

தராசுமுள்:
சி-சிஃபிளாக்ல வேகமும் 8என்1ம் (8 டேட்டா பிட், பாரிட்டி இல்ல, 1 ஸ்டாப் பிட்) மட்டும் வச்சேன். செய்தி: 02, ஏழு எழுத்து, கடைசியா 03.

கம்பிவடம்:
அதான் விஷயம். ஐகேனான் (வரி வரியா படிக்கிற முறை) இன்னும் போட்டபடியே இருக்கு. வரிமுடிவு வராம ரீட் திரும்பாது, உங்க செய்தில வரிமுடிவே இல்ல. அதைவிட மோசம் ஐசிக் (சில பைட்டைக் கட்டளையா எடுத்துக்கிற அமைப்பு). 03ங்கிறது கண்ட்ரோல்-சி. அது வந்ததும் கர்னல் அதுவரை சேர்த்த எடையைக் கொட்டிடும். அதனால ஐகேனானை மட்டும் எடுத்தா எண் சில நேரம் வரும், சில நேரம் வராது, 03 வரவே வராது.

டிசிகெட்ஆட்டர்ல இப்ப இருக்கிற அமைப்பை எடுங்க, அப்புறம் சிஎஃப்மேக்ரா (ஐகேனான், ஐசிக் ரெண்டையும் அணைச்சிடும்), அதுக்கப்புறம் வேகம், சிலோக்கல் (மோடம் சிக்னலைப் பார்க்காது), சிரீட் (படிக்க விடும்). விமின் 1, விடைம் 0 (ஒரு பைட்டாவது வர்ற வரைக்கும் ரீட் காத்திருக்கும்). கடைசியா டிசிசெட்ஆட்டர்ல அமைப்பைப் போடுங்க. ஓபன்ல ஓ-நோக்டிடிஒய் சேருங்க, போர்ட் நிரலோட கட்டுப்பாட்டு டெர்மினலா ஆகாம இருக்க. ஒரே ரீட்ல 9 பைட்டும் வரும்னு நம்பாதீங்க, 4ம் 5மா உடைஞ்சும் வரும். 03 வர்ற வரைக்கும் சேர்த்துக்கிட்டே போங்க.

தராசுமுள்:
வந்துடுச்சு, நன்றி. முதல் எடை மட்டும் பாதியா வருது.

கம்பிவடம்:
போர்ட்டைத் திறக்கும்போது தராசு செய்திக்கு நடுவுல இருக்கும். 02 வர்ற வரைக்கும் வர்றதை விட்டுடுங்க.